தொண்டர் சீர் பரவுதல்: மேடைத் தமிழும் மேடைக்குப் பின் நின்றோரும்

தமிழ் மேடையின் வரலாறு பெரும்பாலும் பேச்சாளர் வரலாறாகவே எழுதப்பெற்று வந்துள்ளது. யார் பேசினார், எங்கே பேசினார், எத்தனை ஆயிரவர் கேட்டனர் என்பன ஏடுகளில் உள்ளன. அந்தக் கூட்டத்துக்கு இடம் தேடியவர், பாய் விரித்தவர், விளக்குக்கு எண்ணெய் வார்த்தவர், பேச்சாளரை இரயிலடியில் எதிர்கொண்டவர், எல்லாரும் கலைந்தபின் நாற்காலிகளை அடுக்கிவிட்டு நடந்தே வீடு திரும்பியவர் ஆகியோரின் பெயர்கள் அங்கே அரிதாகவே காணக் கிடைக்கின்றன. நிகழ்ச்சி நிரலின் கடைசியில் வரும் நன்றியுரையில் அவர்களுக்கு ஓரிடம் உண்டு. ஆயின் அந்நேரத்தில் அவையில் பாதி எழுந்துவிட்டிருக்கும்.

சென்னையிலிருந்து காஞ்சி நோக்கிச் செல்லும் பெருவழியில் திருப்பெரும்புதூரைக் கடந்ததும் சுங்குவார்சத்திரம் வருகிறது. திருவள்ளூரிலிருந்து வாலாசாபாத்துக்குச் செல்லும் சாலை அப்பெருவழியை ஊடறுக்கும் இடம் அது. ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கனுக்குச் சோறும் நிழலும் தந்து, அவன் யாரெனக் கேளாமல் வழியனுப்பும் அறத்தின் பெயர் அது. சத்திரத்தில் உண்டவர் பலர். உலை வைத்தவர் பெயரை அறிந்தவர் சிலர். மேடைக்கும் சத்திரத்துக்கும் இவ்வகையில் ஓர் ஒப்புமை உண்டு. தொண்டு செய்தவரைப் பெயர் சொல்லிப் போற்றும் வழக்கம் எப்போது தோன்றியது, அது எவ்வாறு மேடைக்கு வந்தது, போற்றப்பெற்றவர் கூறும் நன்றிக்குப் பொருள் யாது என்னும் வினாக்களுக்கு விடை தேட, இந்நெடுஞ்சாலையின் சுற்றுப்புறமே நல்லதொரு தொடக்கமாகும்.

குன்றத்தூர் தந்த இலக்கணம்

திருப்பெரும்புதூருக்குக் கிழக்கே உள்ள குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த ஊர். அவர் இயற்றிய பெருங்காப்பியத்தை உலகம் பெரிய புராணம் என்று அழைத்தாலும், அதன் பெயர் திருத்தொண்டர் புராணம் என்பதே. மன்னனையோ மாவீரனையோ தலைவனாகக் கொள்ளாமல் தொண்டர்களையே தலைமக்களாகக் கொண்டெழுந்த காப்பியம் அது. குயவரும், வலை வீசியவரும், வேட்டுவரும், வணிகரும், அரசரும் ஒரே வரிசையில் நிற்கும் அவையை அங்கே காணலாம். காஞ்சியில் அடியார்களின் ஆடையை வெளுத்துத் தருவதையே தொண்டாகக் கொண்ட திருக்குறிப்புத் தொண்டர், இந்த வட்டாரம் அக்காப்பியத்துக்கு அளித்த கொடை.

சேக்கிழாருக்கு முதல்நூல் தந்தவர் சுந்தரர். திருத்தொண்டத்தொகை பிறந்த கதை இப்பொருளுக்கு மிக நெருங்கியது. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் அடியார் பலர் கூடியிருக்க, சுந்தரர் அவர்களை வணங்காமல் நேரே இறைவன் திருமுன் செல்வதாகக் கருதினார் விறன்மிண்டர். தொண்டரைப் பொருட்படுத்தாத கவிஞனும், அவனை ஆண்ட இறைவனும் தம் கூட்டத்துக்குப் புறம்பு என்று அவர் துணிந்து சொன்னார். அதன்பின் சுந்தரர் பாடியதே அத்தொகை. அது பெயர்களின் பட்டியல். ஒவ்வொரு பெயரையும் சொல்லி, அப்பெயருக்குரியவருக்குத் தாம் ஆளென்று கவிஞர் அறிவிக்கிறார். சுந்தரரையும் அவர் பெற்றோரையும் சேர்த்துத் தனியடியார் அறுபத்து மூவர். அவரோடு தொகையடியார் ஒன்பதின்மரும் உள்ளனர். தமிழ்நாட்டின் எல்லைக்கு அப்பால் உள்ளோரையும், தம் காலத்துக்கு முன்னும் பின்னும் வருவோரையும் கூட அத்தொகைக்குள் கொண்டுவந்தார் கவிஞர். பெயர் தெரிந்தவரைப் பெயரால் போற்றுக, பெயர் தெரியாதவரையும் விட்டுவிடாதே என்னும் இருவகை நெறி அங்கே உருப்பெற்றது.

இக்கதையில் உற்று நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மதிப்பளிக்க வேண்டும் என்று கேட்டவர், தமக்காகக் கேட்கவில்லை. அவையில் அமர்ந்திருந்த எல்லாருக்காகவும் கேட்டார். தொண்டருக்குரிய மதிப்பு கவிஞனின் விருப்பத்தால் வழங்கப்படும் சலுகையன்று, அவன் செலுத்தவேண்டிய கடன் என்பது விறன்மிண்டர் கண்ட நீதி. சினத்தில் பிறந்த கேள்விக்குக் கவிதையில் விடை கிடைத்தது.

சேக்கிழார் தம் காப்பியத்தைத் தில்லையில் ஓராண்டுக்காலம் விரித்துரைத்தார் என்றும், சோழ மன்னன் அவரை யானைமீது ஏற்றித் தானே பின்னிருந்து கவரி வீசினான் என்றும் மரபு கூறுகிறது. அப்போது அவருக்கு வழங்கப்பெற்ற பெயர் ‘தொண்டர் சீர் பரவுவார்’ என்பது. தமிழில் புலவர்க்குக் கிடைத்த பட்டங்கள் எண்ணற்றவை. அவற்றுள் பெரும்பாலானவை புலவனின் நாவன்மையைப் பாடும். இப்பட்டமோ, பிறர் செய்த தொண்டினை எடுத்துச் சொன்னார் என்பதையே ஒரு புலவனின் தலையாய பெருமையாக்கியது.

அதே புராணத்தில் மற்றொரு திருவுருவமும் உள்ளது. நாவுக்கு அரசர் எனப் பெயர் பெற்றவர் திருநாவுக்கரசர். அவர் கையில் இருந்ததோ உழவாரப்படை. கோயில் முற்றங்களில் புல் செதுக்கும் கருவி அது. பாடும் நாவும் செதுக்கும் கையும் ஒருவரிடமே கூடியிருந்தன. பேச்சாளர் வேறு, தொண்டர் வேறு என்னும் பிரிவினை பிற்காலத்தது என்பதற்கு அவ்வுருவமே சான்று. திங்களூரில் அப்பூதி அடிகள் அவர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்தார். தம் மக்களுக்கும் அப்பெயரையே இட்டார். நேரில் காணாத ஒருவருக்கு நன்றியைத் தண்ணீராக ஊற்றிய செயல் அது.

கோபுரத்தின் மேலும் கீழும்

சுங்குவார்சத்திரத்துக்கு அண்மையில் உள்ள திருப்பெரும்புதூர், இராமாநுசர் அவதரித்த தலம். திருக்கோட்டியூர் நம்பியிடம் பெற்ற மந்திரப் பொருளை, தமக்கு என்ன நேரினும் நேர்க என்று துணிந்து, கோயில் கோபுரத்தின்மேல் ஏறி எல்லாரும் அறிய உரைத்தார் என்பது வைணவ குருபரம்பரை சொல்லும் வரலாறு. மறைவில் சிலர்க்கு மட்டும் சொல்லப்பெற்றது வெளியில் அனைவர்க்கும் சொல்லப்பெற்ற அக்காட்சியைப் பொதுமேடையின் முன்னோடி எனக் கருதலாம்.

மேல்கோட்டையில் தமக்குத் துணைநின்ற ஒடுக்கப்பட்ட மக்களை அவர் திருக்குலத்தார் என்று பெயரிட்டு மதித்தார் என்பதும் அம்மரபின் கூற்றே. உதவி செய்தவருக்குப் பெயர் தருவதும் ஒரு நன்றி. அதுவரை இழிவாக அழைக்கப்பட்டவரை உயர்வாக அழைக்கும்போது, அந்நன்றி சமுதாய மாற்றத்தின் வித்தாகவும் ஆகிறது. கோயில்களில் பரிவட்டம் கட்டுவதும் மாலை அணிவிப்பதும் மரியாதை எனப்பட்டன. பிற்காலத்துப் பொதுக்கூட்ட மேடையில் பொன்னாடையும் மாலையும் இடம்பெற்றபோது, அக்கோயில் மரியாதையின் நிழலே அங்கும் விழுந்தது. யாருக்கு முதலில், யாருக்குப் பின்னர் என்னும் பூசலும் உடன் வந்தது.

பிரசங்கம் பிறந்த வெள்ளிக்கிழமை

உரைநடைத் தமிழில், ஏடு பார்த்து வாசிக்காமல், பொதுமக்களை நோக்கித் தொடர்ந்து பேசும் முறைக்கு வலிமையான தொடக்கம் தந்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். 1822-இல் பிறந்த அவர், 1847 திசம்பர் 31, வெள்ளிக்கிழமையன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். வெள்ளிதோறும் அது தொடர்ந்தது. வெசுலியன் கிறித்துவப் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராக இருந்து, பீட்டர் பெர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைபுரிந்தவர் அவர். திருச்சபையின் மறையுரை முறையை நன்கறிந்து, அதனைச் சைவத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார். மேடைத் தமிழ் இருவேறு மரபுகள் ஒன்றையொன்று எதிர்கொண்ட இடத்தில் உருவானது என்பது கருதத்தக்கது.

1849-இல் அச்சு இயந்திரம் வாங்கும் பொருட்டு அவர் தமிழகம் வந்தார். உடன் வந்தவர் சதாசிவம் பிள்ளை. வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் நிகழ்த்திய சொற்பொழிவுக்காக அவருக்கு ‘நாவலர்’ என்னும் பட்டம் கிடைத்தது. இன்று நாவலர் என்ற சொல் கேட்ட மாத்திரத்தில் ஆறுமுகர் நினைவுக்கு வருகிறார். உடன் வந்தவர் பெயர் ஆராய்ச்சியாளர் நூல்களில் மட்டும் வாழ்கிறது. பட்டம் பெறத் தகுதியானவர் அதனைப் பெற்றார் என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு வரலாறு எவ்வாறு ஒருவரை ஒளியிலும் மற்றவரை நிழலிலும் நிறுத்துகிறது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

காவலர் எழுதிவைத்த பேச்சு

1907-ஆம் ஆண்டு மே மாதத்தில் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேசினார். பேச்சு ஆங்கிலத்தில் இருந்தது. அரசியல் மேடை அக்காலத்தில் கற்றோர் மேடையாகவே இருந்தது. மறு ஆண்டில் தூத்துக்குடிக் கடற்கரையில் நிலைமை மாறியது. வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தமிழில் பேசினர். கேட்டவர்களுள் கோரல் ஆலைத் தொழிலாளர் மிகுதி. 1908 பிப்ரவரி 27-இல் அவ்வாலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. மார்ச் 12-இல் இருவரும் சிறைப்பட்டனர். அவர்கள்மீது தொடுக்கப்பட்ட வழக்கில், பேச்சுக்களைக் கேட்டுக் காவல்துறையினர் எடுத்த குறிப்புகளே சான்றாக வைக்கப்பெற்றன.

தமிழ்ப் பேச்சினைச் சொல்லுக்குச் சொல் போற்றிக் காத்தது, அதனை ஒடுக்க விரும்பிய அரசே என்பது வரலாற்றின் முரண்நகை. அக்கடற்கரைக் கூட்டங்களுக்கு மக்களைத் திரட்டியவர், பறையறைந்து அறிவித்தவர், பேச்சாளர்க்கு நீர் தந்தவர் ஆகியோரின் பெயர்கள் வேண்டுமாயின், அவற்றையும் வழக்கு ஆவணங்களிலேயே தேடவேண்டியுள்ளது. நண்பர்கள் குறித்து வைக்காத பெயரைப் பகைவர் குறித்து வைத்தனர். ஓர் இயக்கம் தன் தொண்டரைத் தானே எழுதிவைக்கத் தவறுமாயின், அவர்களைக் குற்றப் பட்டியலில்தான் பின்வருவோர் காண நேரும்.

பெரம்பூர்ச் சபையும் இரு வணிகரும்

தொண்டர் மேடையைப் படைத்த கதைகளுள் தலையாயது பெரம்பூரில் நடந்தது. பக்கிங்காம் ஆலை 1876-இலும் கருநாடிக் ஆலை 1881-இலும் அங்கே நிறுவப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் அவற்றில் உழைத்தனர். வேலை நேரம் நெடியது. நண்பகல் உணவுக்குக் கிடைத்த இடைவேளையோ மிகக் குறுகியது. அத்தொழிலாளர் வாழ்ந்த பகுதியில் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்றொரு சிறு மன்றம் இருந்தது. பஜனையும் சமயச் சொற்பொழிவுமே அதன் பணி. அதனை நடத்தியவர்கள் கோ. செல்வபதி செட்டியாரும் கோ. இராமாநுசலு நாயுடுவும். இருவரும் பெரும் பேச்சாளர் அல்லர். சபைக்குப் பிறரை அழைத்துவந்து பேசச் செய்தவர்கள். தொழிலாளர் அங்கே புராணம் கேட்க வந்தனர். வந்த இடத்தில் தம் துயரையும் பேசிக்கொண்டனர்.

அச்சபையில் பேசியவருள் ஒருவர் திரு.வி. கலியாணசுந்தரனார். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்னும் சிற்றூரில் 1883-இல் பிறந்தவர். வெசுலி கல்லூரியில் தமிழாசிரியர் பணியைத் துறந்து, 1917 திசம்பரில் தேசபக்தன் நாளிதழின் ஆசிரியரானவர். ஆங்கிலமே ஆண்ட அரசியல் மேடையில் செந்தமிழை அரியணை ஏற்றியவர் என்று அவரைத் தமிழுலகம் போற்றுகிறது. செல்வபதியாரும் இராமாநுசலுவும் தொழிலாளர் துயரை எடுத்துக்கொண்டு, அன்னி பெசன்ட் அம்மையாரின் இயக்கத்தைச் சேர்ந்த பி.பி. வாடியாவையும் நாடினர். அவர் பம்பாயிலிருந்து வந்த பார்சி. தமிழ் அறியாதவர். அவர் ஆங்கிலத்தில் பேச, அது தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்டது.

1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என அறிஞர் அதனைக் குறிப்பர். வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத்தலைவருள் ஒருவரானார், செல்வபதியாரும் இராமாநுசலுவும் செயலாளர் பொறுப்பேற்றனர். ஆலை உரிமையாளர் தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்றம் சங்கத் தலைவர்களுக்குத் தடை விதித்தது. சங்கம் அமைப்பதே குற்றமாகக் கருதப்படும் நிலையை அவ்வழக்கு வெளிச்சமிட்டுக் காட்டியது. அதன் விளைவாக எழுந்த முயற்சிகள் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமாக முடிந்தன. பஜனைக் கூடத்தில் பாய் விரித்த இருவரின் தொண்டு, நாட்டின் சட்டநூல் வரை சென்றது என்று கூறின் அது மிகையன்று.

திரு.வி.க. 1944-இல் வெளியிட்ட ‘வாழ்க்கைக் குறிப்புக்கள்’ என்னும் நூலில் தொழிலாளர் இயக்கத்துக்கு விரிவான இடம் தந்தார். செல்வபதியாரும் இராமாநுசலுவும் இன்று அறியப்படுவதற்கு அத்தகைய பதிவுகளே காரணம். தமிழ்த்தென்றல் என்று அழைக்கப்பெற்றவரின் உரைநடைச் சிறப்பைப் பலரும் எடுத்துரைப்பர். தம்மை மேடைக்கு அழைத்தவரை மறவாத பண்பும் அவ்வுரைநடையின் ஓர் அணியே. அழைக்கப்பட்டவன் அழைத்தவனை நினைத்தான் என்பதைவிட எளிய நன்றி வேறில்லை. அரிய நன்றியும் அதுவே.

1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். உயர்நீதிமன்றத்தை ஒட்டிய கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டங்கள் நடந்தன. தொழிலாளர் கேட்பவராக மட்டும் இருந்த காலம் மெல்ல மாறி, அவர்களே பேசுபவராகும் காலம் அரும்பியது.

அடிப்பொடி என்னும் பெருமை

இலக்கிய அமைப்புகளுக்கு இப்பொருளில் நேரடியான பாடம் காரைக்குடியில் கிடைக்கிறது. அங்கே 1939-இல் கம்பன் கழகத்தைத் தொடங்கியவர் சா. கணேசன். விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். அறிஞர் பலரை அழைத்து, ஆண்டுதோறும் விழா எடுத்து, தமிழகமெங்கும் கம்பன் கழகங்கள் தோன்ற வழிவகுத்தவர். குறித்த நேரத்தில் தொடங்கி, குறித்த நேரத்தில் முடியும் விழா என்று அதற்குப் பெயர் உண்டு. எத்துணைப் பெரிய புலவரும் அந்நேர ஒழுங்குக்குக் கட்டுப்பட்டே பேசினர்.

அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் கம்பன் அடிப்பொடி. தலைவர், புரவலர், காவலர் என்று எப்பெயரை வேண்டுமாயினும் அவர் ஏற்றிருக்கலாம். அடியின் தூசி என்னும் பெயரை ஏற்றார். ஆழ்வார் மரபில் தொண்டரடிப்பொடி என்னும் பெயர் உண்டென்பது அறிஞர் அறிந்ததே. அப்பணிவு பொய்ப்பணிவன்று, பணி செய்தவனுக்கு மட்டுமே பொருந்தும் பணிவு. காரைக்குடியில் பேசிய சிலரின் பெயர்களைக் காலம் மங்கச் செய்தது. மேடை அமைத்தவர் பெயர் நிலைத்தது. தொண்டே ஒருவரை வரலாற்றில் நிறுத்தும் என்பதற்குக் கடந்த நூற்றாண்டுத் தமிழில் இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

சாந்தா அனாவில் ஒரு மாலை

மேடைப் பேச்சினைச் சிலருக்கே உரிய வரமாகக் கருதாமல், எல்லாரும் பயின்று பெறத்தக்க கலையாகக் கண்ட இயக்கம் அமெரிக்காவில் தோன்றியது. ரால்ப் சுமெட்லி என்பவர் இளைஞர் கிறித்துவச் சங்கத்தில் பணியாற்றியவர். 1905-இல் இல்லினாய் மாநிலத்துப் புளூமிங்டனில் இளைஞர்க்குப் பேச்சுப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். 1924 அக்டோபர் 22-இல் கலிபோர்னியாவின் சாந்தா அனா நகரில் அவர் கூட்டிய மன்றமே, டோஸ்ட்மாஸ்டர்ஸ் என உலகெங்கும் பரவிய அமைப்பின் முதல் மன்றம். 1932-இல் அது முறையாகப் பதிவு பெற்றது. பெண்களுக்கு 1973-இல்தான் அதன் கதவு திறந்தது. அதன்பின் ஒரு பெண்மணி, எலன் பிளான்சார்டு, 1985-இல் அதன் உலகத் தலைவராகவும் ஆனார்.

அம்மன்றங்களின் நடைமுறை நோக்கத்தக்கது. ஆயத்தம் செய்த பேச்சுக்குப் பொதுவாக ஐந்து முதல் ஏழு மணித்துளி. பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் காலத்தை அறிவிக்கும். அவற்றை ஏற்றுவதற்கு ஒருவர். தேவையற்ற இழுவை ஒலிகளை எண்ணுவதற்கு ஒருவர். சொல்லாட்சியைக் கவனிக்க ஒருவர். பேசியவரின் நிறைகுறைகளைக் கனிவோடு எடுத்துரைக்க ஒருவர். இப்பொறுப்புகள் கூட்டந்தோறும் கைமாறும். இன்று பேசியவர் அடுத்த கூட்டத்தில் விளக்கு ஏற்றுவார். இன்று விளக்கு ஏற்றியவர் அடுத்த கூட்டத்தில் பேசுவார். மன்றப் பொறுப்பாளர் எவரும் ஊதியம் பெறுவதில்லை. தொண்டு செய்தவரைப் பெயர் சொல்லி அழைத்துப் பாராட்டுவது அங்கே வாடிக்கை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் இவ்வகை மன்றங்கள் வேரூன்றியுள்ளன. தமிழிலேயே இயங்குவனவும் உண்டு.

நாவுக்கரசர் கையில் உழவாரம் இருந்த காட்சியோடு இந்நடைமுறையை ஒப்பிட்டு நோக்கின், தொலைவில் உள்ள இரண்டு மரபுகள் ஓரிடத்தில் சந்திப்பதைக் காணலாம். பேசுவோனும் பணி செய்வோனும் ஒருவனே ஆகும்போது, நன்றி மேலிருந்து கீழ்நோக்கி வழங்கும் கொடையாக இராது. அது சமமானோர் தம்முள் மாற்றிக்கொள்ளும் கைம்மாறாகிறது.

ஆலைகளின் நடுவே

சுங்குவார்சத்திரத்தின் அண்மை வரலாறு ஆலைகளின் வரலாறு. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. திருப்பெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய கைப்பேசி ஆலை ஒன்று பல்லாயிரவர்க்கு வேலை தந்து, 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஒரகடத்திலும் சுற்றுப்புறங்களிலும் புதிய ஆலைகள் எழுந்தன. ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர்களில் விடுதிகள் தோன்றின. தென்மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் இளையோர் வந்து குவிந்தனர். காலை, மாலை, இரவு என மூன்று முறையில் சுழலும் வாழ்க்கையில் அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் பொழுதே அரிதாயிற்று.

அவ்வூரின் சாலையில் ஊமையாய் இருந்தவர் வாய் திறந்த நாள்களும் உண்டு. 2021 திசம்பரில், விடுதி உணவால் நோயுற்றுத் தோழியர் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை அடுத்து, ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்தனர். தோழியரின் நிலை என்ன என்று கேட்டனர். 2024 செப்டம்பர் 9-இல் சாம்சங் ஆலைத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள்கள் நீடித்தது. போராட்டப் பந்தல் அகற்றப்பட்ட பின்னும் அவர்கள் கலையவில்லை. அவர்கள் அமைத்த சங்கம் 2025 சனவரியில் பதிவு பெற்றது. பதிவு பெற்றது 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். பெரம்பூர்ப் பஜனைக் கூடத்திலிருந்து புறப்பட்ட நீரோட்டம், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கடந்து சுங்குவார்சத்திரத்தை வந்தடைந்தது.

வேலைநிறுத்தத்தின் நியாய அநியாயங்களில் கருத்து வேற்றுமை இருக்கலாம். மொழி வரலாற்றின் நோக்கில் ஓர் உண்மை தெளிவு. முப்பத்தேழு நாள் கூட்டம் என்றால், முப்பத்தேழு நாளும் யாரோ சோறு வடித்தனர், யாரோ தண்ணீர் சுமந்தனர், யாரோ ஒலிபெருக்கிக்கு மின்சாரம் தேடினர் என்பதே அதன் பொருள். நாளேடுகளில் தலைவர்களின் படங்கள் வந்தன. மற்றவை எழுதப்படாத தொகையடியார் பட்டியலைச் சேர்ந்தன. பேசத் தெரியாது என்று ஒதுங்கியிருந்தவர் பலர், பந்தலில் பணி செய்து பழகியே பேசக் கற்பர். பெரம்பூரில் நடந்ததும் அதுவே.

ஏற்புரை என்னும் இலக்கியம்

வள்ளுவர் நன்றிக்கும் அவைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். செய்ந்நன்றி அறிதல் பதினோராம் அதிகாரம். சொல்வன்மை அறுபத்தைந்தாம் அதிகாரம். அவையறிதலும் அவையஞ்சாமையும் எழுபத்திரண்டும் எழுபத்து மூன்றும் ஆகும். இவை சந்திக்கும் இடம் ஒன்று மேடையில் உண்டு. அதற்குத் தமிழர் வைத்த பெயர் ஏற்புரை. பாராட்டப்பெற்றவர் அதனை ஏற்றுக்கொண்டு கூறும் சில சொற்கள் அவை.

புகழ்பெற்ற பேச்சாளரின் ஏற்புரை அவருடைய நூறாவது பேச்சாக இருக்கும். தொண்டரின் ஏற்புரையோ பெரும்பாலும் அவருடைய முதற் பேச்சு. ஆண்டுக்கணக்கில் ஒலிவாங்கியைப் பிறருக்குச் சரிசெய்து தந்தவர், முதன்முறையாக அதன்முன் நிற்கிறார். சொல் தடுமாறும், குரல் நடுங்கும். சிலர் இரண்டு பெயர்களைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவர். அப்பெயர்கள் பெரும்பாலும் தம்மோடு நாற்காலி சுமந்தவரின் பெயர்களாகவே இருக்கும். பாராட்டினைப் பெற்றவுடன் அதனைப் பங்கிட்டுக் கொடுக்கும் அச்செயலில், திருத்தொண்டத்தொகையின் உயிர் இன்றும் துடிக்கிறது. தொண்டர் கூறும் நன்றி, தமக்குப் பொன்னாடை கிடைத்ததற்கானது அன்று. தாம் செய்தது பிறர் கண்ணில் பட்டது என்பதற்கானது. தம்மைப் போன்றோரும் அவையில் இருக்கின்றனர் என்று சொல்ல வாய்ப்புக் கிடைத்ததற்கானது.

இம்மரபுக்கு ஒரு கேடும் சூழ்ந்துள்ளது. பொன்னாடை மலிந்துவிட்டது. அதிகாரம் உள்ளவர்க்கும் பொருள் தருவோர்க்கும் மாலைமேல் மாலை விழுகிறது. பணி செய்தவர் பெயர் ‘மற்றும் பலர்’ என்னும் இரு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. திருப்பித் தர வல்லவருக்குச் செலுத்தும் நன்றி வாணிகமாகிவிடும். திருப்பித் தர ஏதுமில்லாதவரை நினைந்து அவர் பெயரைச் சொல்வதே நன்றி. பட்டங்களைப் பெருக்குவதால் தொண்டர் பெருமை பெருகாது. யார் என்ன செய்தார் என்று பிழையின்றி எழுதிவைப்பதால் மட்டுமே அது நிற்கும்.

பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டம் எதுவாயினும், அதன் கணக்கேட்டில் இரண்டு பட்டியல்கள் இருத்தல் வேண்டும். பேசியோர் பட்டியல் ஒன்று. கூட்டத்தை இயல்வித்தோர் பட்டியல் மற்றொன்று. முதற் பட்டியல் அழைப்பிதழ்களில் தானே கிடைத்துவிடும். இரண்டாவது, நினைவு உள்ளபோதே எழுதினால் அன்றிக் கிடைக்காது. மழை நாளில் கூடத்தின் திறவுகோலோடு முதலில் வந்து நின்றவர் யார், அச்சகத்துக்கு எத்தனை முறை யார் நடந்தார், கவியரங்கின் தாள்களைத் தொகுத்துக் காத்தவர் யார் என்பவற்றுக்குப் பத்தாண்டுக்குள் விடை உண்டு. இருபதாண்டில் ஐயம் எழும். ஐம்பதாண்டில் மறதியே எஞ்சும்.

கவிஞர்க்கு இதில் தனிக்கடன் உண்டு. பெயர்ப் பட்டியலைக் கவிதையாக்க முடியும் என்று திருவாரூரில் ஒருவர் காட்டினார். அதனைக் காப்பியமாக்க முடியும் என்று குன்றத்தூரார் ஒருவர் நிறுவினார். தொண்டர் சீர் பரவுவார் என்னும் பட்டத்தை எந்த மன்னனும் இனி யானைமேல் வைத்து வழங்கப் போவதில்லை. கூடத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பவரை மேடைக்கு அழைத்து, அவர் பெயரைத் தெளிவாகச் சொல்லி, அவர் சொல்லும் இரண்டு சொற்களை எழுந்து செல்லாமல் இருந்து கேட்கும் அவையினர் எல்லாருக்கும் அப்பட்டம் உரியது.